போய் வேலை செய்த மகன்

வாசிக்க: மத்தேயு 21:28–32, லூக்கா 5:27–32, லூக்கா 19:1–10

இன்றைய கருத்து: அழைத்தவருக்குச் சம்மதம் சொல்கிறவர், அவர் தரும் வேலையைக் கற்றுக்கொள்ளவும் சம்மதிக்கிறார்.

எங்கள் மூக்கண்டப்பள்ளியிலிருந்து பெங்களூரு நெடுஞ்சாலையில் கொஞ்ச தூரம் போனால் ஜூஜூவாடி. அதைத் தாண்டினால் அத்திப்பள்ளி, கர்நாடகம். 2017 ஜூலை 1-ல் ஜி.எஸ்.டி. வரும்வரை இந்த எல்லையில் வணிகவரிச் சோதனைச்சாவடி இருந்தது. லாரியை ஓரங்கட்டிவிட்டு, பில்லையும் பெர்மிட்டையும் கையில் பிடித்தபடி டிரைவர்கள் நடந்த இடம் அது. வரி வாங்கும் மேசைக்குப் பின்னால் இருப்பவரைப் பிரியமாக நினைக்கிறவர்கள் எந்தக் காலத்திலும் குறைவுதான்.

லேவி என்ற மத்தேயு உட்கார்ந்திருந்ததும் இதைப் போன்ற ஓர் எல்லை ஊரில்தான். கப்பர்நகூம், ஏரோது அந்திப்பா ஆண்ட கலிலேயாவின் விளிம்பில் இருந்தது. அக்கரைப் பக்கம் அவன் சகோதரன் பிலிப்புவின் நாடு. நாடு விட்டு நாடு போகும் சரக்குக்கு அங்கே சுங்கம் கட்ட வேண்டும். ஒரு நாள் இயேசு அந்த ஆயத்துறைப் பக்கம் வந்தார், லேவியைப் பார்த்தார், தம் பின்னே வரச் சொன்னார்.

லேவி என்ன பதில் சொன்னான்? மத்தேயு, மாற்கு, லூக்கா மூவரும் இதை எழுதியிருக்கிறார்கள். ஒருவர்கூட அவன் வாயிலிருந்து ஒரு சொல்லையும் பதிவு செய்யவில்லை. எழுந்தான், போனான். அடுத்து நாம் அவனைப் பார்க்கும்போது வீட்டில் பெரிய விருந்து வைத்து, தன்னோடு வேலை பார்த்த ஆயக்காரர்களையெல்லாம் இயேசுவுக்கு முன்னால் உட்கார வைத்திருக்கிறான். மீனவர்களான பேதுருவும் யோவானும் மனம் மாறித் திரும்பி வந்தால் படகும் ஏரியும் அங்கேயே இருக்கும். லேவிக்கு அந்த வசதி இல்லை. அவன் விட்ட இடத்தில் மறுநாளே வேறொருவன் உட்கார்ந்திருப்பான்.

பின்னொரு நாள், எருசலேம் தேவாலயத்தில் பிரதான ஆசாரியர்கள் எதிரே நிற்க, இயேசு ஒரு சிறு கதை சொன்னார். ஒரு தகப்பனுக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவனிடம் போய், இன்றைக்குத் திராட்சத்தோட்டத்தில் வேலை செய் என்றான். அவன் முகத்துக்கு நேரே மாட்டேன் என்றான், பிறகு மனம் வருந்திப் போனான். இளையவன் மரியாதையோடு, போகிறேன் ஐயா என்றான், போகவில்லை. இருவரில் தகப்பன் விரும்பியதைச் செய்தவன் யார் என்று இயேசு கேட்டார். கேட்டவர்கள் மூத்தவன் என்றார்கள். சொல்லி முடித்த பிறகுதான் அந்தப் பதில் தங்கள்மேலேயே பாய்கிறது என்று தெரிந்தது. ஆயக்காரரும், ஊர் ஒதுக்கிய பெண்களும் உங்களுக்கு முன்னால் தேவனுடைய ராஜ்யத்துக்குள் போகிறார்கள் என்று இயேசு அவர்களிடம் சொன்னார்.

இந்தக் கதையின் மூத்த மகனுக்கு நம் பக்கத்திலேயே ஒரு உறவுக்காரி உண்டு. கிருஷ்ணகிரி, வாணியம்பாடி, ஆம்பூர் தாண்டி வேலூருக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் ஒரு நோயாளியோடுதான் போகிறார்கள். சி.எம்.சி. மருத்துவமனையில் சீட்டுப் போட்டுவிட்டு வரிசையில் காத்திருக்கும்போது, இதைத் தொடங்கியவர் முதலில் மாட்டேன் என்று சொன்னவர் என்பது பலருக்குத் தெரியாது.

ஐடா ஸ்கடர் 1870-ல் ராணிப்பேட்டையில் பிறந்தார். அவர் தாத்தா ஜான் ஸ்கடர் 1819-ல் இலங்கைக்கு வந்த அமெரிக்க மருத்துவ மிஷனரி. தந்தையும் மருத்துவ மிஷனரி, பெரியப்பாக்களும் மிஷனரிகள். இப்படிப்பட்ட குடும்பத்தில் பிறந்த பெண் என்ன ஆகப் போகிறாள் என்று எல்லோரும் முன்கூட்டியே முடிவு செய்துவைத்திருந்தார்கள். ஐடாவுக்கு அதில் விருப்பமே இல்லை. 1876–78 பெரும் பஞ்சத்தில், சிறுமியாக இருந்தபோதே, பட்டினியில் ஒட்டிப்போன குழந்தைகளைக் கண்ணெதிரே பார்த்தவர் அவர். அந்த நினைவும் வெயிலும் நோயும் சேர்ந்து, இந்தியா வேண்டவே வேண்டாம் என்ற உறுதியை அவருக்குத் தந்திருந்தன. அமெரிக்காவில் நார்த்ஃபீல்டு பள்ளியில் படித்தார். 1890-ல் தாயின் உடல்நலம் கெட்டதால்தான் திண்டிவனத்துக்கு வந்தார், கவனித்துவிட்டுத் திரும்பிவிடுவதாக எண்ணம்.

அங்கே ஓர் இரவில் மூன்று பேர் வாசலில் வந்து நின்றார்கள். முதலில் ஒரு பிராமண இளைஞர், பிறகு ஒரு முஸ்லிம், பிறகு ஒரு முதலியார். மூவரின் மனைவிமாரும் பிரசவ வலியில் தவித்துக்கொண்டிருந்தார்கள். ஐடா தன் தந்தையைக் காட்டினார், அவர்தான் மருத்துவர், எனக்கு ஒன்றும் தெரியாது என்றார். வேற்று ஆண் எங்கள் வீட்டுப் பெண்ணைத் தொடக்கூடாது, நீங்கள் வாருங்கள் என்று அவர்கள் கேட்டார்கள். தொழில் தெரியாமல் போய் என்ன செய்வது? மூவரும் திரும்பிப் போனார்கள். விடிந்ததும் சாவுமேளச் சத்தம் கேட்டது. ஆள் அனுப்பி விசாரித்தபோது மூன்று பெண்களும் இறந்துவிட்டிருந்தார்கள்.

அன்று ஐடா தன் பெற்றோரிடம், அமெரிக்கா போய் மருத்துவம் படித்துவிட்டு இங்கேயே திரும்பி வருகிறேன் என்றார்.

இந்தச் சம்பவத்தைப் பிரசங்கங்களில் பலமுறை கேட்டிருக்கிறோம். பெரும்பாலும் கதவு தட்டப்பட்டதோடும் கண்ணீரோடும் கதை நின்றுவிடுகிறது. அதற்குப் பிறகு நடந்தது கண்ணீர் வரவழைக்காது, ஆனால் நமக்கு அதிகம் உதவும். ஐடா 1895-ல் பிலடெல்பியாவில் பெண்கள் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். பிறகு, பெண்களைப் புதிதாகச் சேர்க்கத் தொடங்கிய கார்னெல் மருத்துவக் கல்லூரிக்கு மாறி 1899-ல் பட்டம் பெற்றார். எலும்பின் பெயர்களையும் மருந்தின் அளவுகளையும் மனப்பாடம் செய்த வருடங்கள் அவை. அந்த வருடங்களிலும் திண்டிவனத்துப் பக்கம் பெண்கள் பிரசவத்தில் செத்துக்கொண்டுதான் இருந்தார்கள். அவர் ஓடி வரவில்லை, உட்கார்ந்து படித்தார். அந்தப் படிப்பும் சம்மதத்தில் ஒரு பகுதி.

1900-ல் வேலூர் வந்தார். கூடவே நின்று தொழில் சொல்லித்தருவார் என்று நம்பியிருந்த தந்தை அதே ஆண்டில் இறந்துபோனார். புதிதாகப் பட்டம் பெற்ற இளம்பெண்ணை நம்பி வைத்தியத்துக்கு வர ஆரம்பத்தில் ஆட்கள் தயங்கினார்கள். ஒரே ஒரு கட்டிலோடு மிஷன் வீட்டில் தொடங்கிய வைத்தியம், 1902-ல் மேரி டேபர் ஷெல் மருத்துவமனை ஆனது. 1909-ல் செவிலியர் பயிற்சிப் பள்ளி வந்தது. குடியாத்தம் சாலையில் மரத்தடிகளில் வண்டியை நிறுத்தி நோயாளிகளைப் பார்த்தார்.

ஒருத்தி எத்தனை கதவுகளுக்குத்தான் போக முடியும்? இந்தியப் பெண்களே மருத்துவராக வேண்டும் என்று அவருக்குப் புரிந்தது. 1918-ல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி தொடங்க அனுமதி கேட்டபோது, மூன்று பேர் விண்ணப்பித்தால் உங்கள் அதிர்ஷ்டம் என்று அதிகாரி சொன்னாராம். 150 பேருக்கு மேல் விண்ணப்பித்தார்கள். பின்னாளில் அரசு விதிகள் மாறி, அந்தப் பள்ளி எம்.பி.பி.எஸ். கல்லூரியாக உயர வேண்டிய கட்டாயம் வந்தது. ஐடாவுக்கு அப்போது ஏறக்குறைய எழுபது வயது. 1941-ல் அமெரிக்கா போய் ஊர் ஊராகப் பேசிப் பணம் திரட்டினார். 1947-ல் ஆண்களுக்கும் கல்லூரியின் கதவு திறந்தது. 1960 மே 24 அன்று கொடைக்கானலில் அவர் இறந்தார். ஓர் இரவின் சம்மதத்துக்கு அரை நூற்றாண்டுக்கும் மேற்பட்ட வேலை பின்னால் இருந்தது.

கற்ற பிறகே வேலை என்பது சிப்காட் தொழிற்பேட்டையில் யாருக்கும் புதிதல்ல. ஐ.டி.ஐ. முடித்து அப்ரண்டிஸாகச் சேரும் பிள்ளையிடம் முதல் நாளே மெஷினை ஒப்படைத்துவிட மாட்டார்கள். வெர்னியரைப் பிடிக்கவும், டிராயிங்கைப் படிக்கவும், மூத்தவர் பக்கத்தில் நின்று பார்க்கவும் மாதக்கணக்காகும். உற்சாகம் மட்டும் உள்ளவன் கையில் பாகமும் கெடும், விரலும் போகும். ஆனால் தேவனுடைய வேலைக்கு மட்டும், ஆர்வம் இருந்தால் போதும், மற்றதெல்லாம் தானாக வரும் என்று நினைத்துக்கொள்கிறோம்.

கன்வென்ஷன் பந்தலில் கடைசி இரவு. ஊழியத்துக்கு ஒப்புக்கொடுக்கிறவர்கள் எழுந்து நில்லுங்கள் என்று குரல் வருகிறது. பாட்டு மெல்ல ஒலிக்கிறது. எழுந்து நிற்கிறோம், அழுகிறோம், அந்த அழுகையில் பொய் இல்லை. திங்கட்கிழமை ஏ ஷிப்டுக்குக் கம்பெனி பஸ் வருகிறது. அடுத்த கன்வென்ஷன் வரை ஒன்றும் நடக்கவில்லை. இளைய மகனும் தகப்பனை ஏமாற்றத் திட்டமிட்டுப் போகிறேன் ஐயா என்று சொல்லியிருக்க மாட்டான். சொன்னபோது உண்மையாகவே போக நினைத்திருப்பான். தோட்டத்துக்குப் போகும் வழியில் எங்கோ நின்றுவிட்டான். சொன்னதே செய்ததுபோல அவனுக்கு நிறைவு தந்திருக்கலாம். நம்மில் பலர் நிற்பது அந்த இடத்தில்தான்.

மற்றவர்களை எழுந்து நிற்கச் சொல்கிறவருக்கும் இந்த ஆபத்து உண்டு. தூத்துக்குடி மாவட்டம் வெள்ளாளன்விளையில் 1874-ல் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா அதை அறிந்திருந்தார். 1895 முதல் ஒய்.எம்.சி.ஏ. செயலராக ஊர் ஊராகப் போய் இளைஞர்களை ஊழியத்துக்கு அழைத்தவர் அவர். யாழ்ப்பாணத்துத் தமிழ்க் கிறிஸ்தவர்கள் தாங்களே மிஷனரிகளை அனுப்புவதைப் பார்த்துவிட்டு வந்து, 1903-ல் திருநெல்வேலியில் இந்திய மிஷனரி சங்கத்தைத் தொடங்கினார். 1905-ல் தேசிய மிஷனரி சங்கம் உருவானதிலும் முன்னின்றார். அனுப்புவதற்கு இரண்டு சங்கங்கள் இருந்தன. அப்படியானால் நான் ஏன் போகவில்லை என்ற கேள்வி அவரையே திரும்பிப் பிடித்தது.

1909-ல் குருப்பட்டம் பெற்று, நிஜாமின் ஹைதராபாத் சமஸ்தானத்தில் இருந்த தோர்ணக்கலுக்குப் போனார். முப்பது வயதைத் தாண்டிய குடும்பஸ்தர், தெற்கத்தித் தமிழர். அங்கே மக்கள் பேசியது தெலுங்கு. ஊர் அறிந்த பேச்சாளர், அங்கே தெலுங்கு எழுத்தைக் கூட்டிப் படிக்கும் மாணவராக உட்கார வேண்டியிருந்தது. நில உரிமையும் மரியாதையும் மறுக்கப்பட்டிருந்த தலித் மக்கள் நடுவில் முப்பது ஆண்டுக்கு மேல் உழைத்தார். 1912-ல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயர் ஆன பிறகும் அந்த வேலையை விடவில்லை. 1945 ஜனவரி 1 அன்று தோர்ணக்கலிலேயே இறந்தார்.

எங்கள் பகுதியில் அசரியாவின் தெலுங்குப் பாடத்தை எளிதாகப் புரிந்துகொள்ளலாம். ஒரே தெருவில் தெலுங்கு, கன்னடம், தமிழ், உருது. காண்ட்ராக்ட் வேலைக்கு வந்த ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் பிள்ளைகளின் இந்தியும் இப்போது சேர்ந்துவிட்டது. பக்கத்து அறையில் காய்ச்சலில் கிடக்கும் ஒரு பையனுக்கு மருந்துச் சீட்டைப் படித்துச் சொல்ல நாற்பது வாக்கியம் இந்தி போதும். அந்த நாற்பது வாக்கியத்தைக் கற்றுக்கொள்ள ஒரு மாதம் ஆகும். தினம் அரை மணி நேரம் செல்போனைக் கீழே வைக்க வேண்டும். ஆண்டவரே என்னை உபயோகியும் என்று ஜெபிக்கிறவருக்கு இந்த வேலை மிகவும் சின்னதாகத் தோன்றலாம். ஐடாவிடம் கேட்கப்பட்டதும் பெரிய வேலை அல்ல. வந்து எங்கள் வீட்டுப் பெண்ணைப் பாருங்கள் என்றுதான் கேட்டார்கள்.

அழைப்பு என்றாலே வேலையை ராஜினாமா செய்வது என்று ஒரு நினைப்பு பலரிடம் இருக்கிறது. லேவி சாவடியை விட்டான், சரி. எரிகோவில் சகேயு என்ற தலைமை ஆயக்காரன் இருந்தான். இயேசு அவன் வீட்டுக்கே போய்த் தங்கினார். அவன் தன் சொத்தில் பாதியை ஏழைகளுக்குத் தருவதாகவும், அநியாயமாய் வாங்கியதை நான்கு மடங்காகத் திருப்பித் தருவதாகவும் சொன்னான். வேலையை விடு என்று இயேசு அவனிடம் சொன்னதாக வேதத்தில் இல்லை. யோர்தானில் ஞானஸ்நானம் பெற வந்த ஆயக்காரர்கள் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டபோது, விதித்ததற்கு மேல் வாங்காதீர்கள் என்றுதான் யோவான்ஸ்நானனும் சொன்னார். ஒருவனுக்கு நாற்காலியிலிருந்து எழுந்திருப்பது கீழ்ப்படிதல். இன்னொருவனுக்கு அதே நாற்காலியில் நேர்மையாய் உட்கார்ந்திருப்பது கீழ்ப்படிதல். குவாலிட்டி செக்கில் கையெழுத்துப் போடுகிறவர், பார்க்காமலே பார்த்ததாக எழுத மறுத்தால் அதுவும் அழைப்புக்குச் சொன்ன சம்மதம். காண்ட்ராக்ட் ஆட்களின் ஓவர் டைம் கணக்கை ஒரு மணி நேரமும் குறைக்காமல் எழுதும் சூப்பர்வைசரும் தோட்டத்தில்தான் வேலை செய்கிறார்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. கர்த்தர் கூப்பிட்டார் என்று சொல்லி, வீட்டுக் கடனையும் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்தையும் மனைவியின் தலையில் போட்டுவிட்டுக் கிளம்புகிறவர்களைப் பார்க்கிறோம். கோபுரம் கட்ட நினைக்கிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்க்க வேண்டாமா என்று கேட்டவர் இயேசுதான். தேவதூதன் முன்னால் நின்ற மரியாளும், இது எப்படி ஆகும் என்று கேட்ட பிறகுதான் சம்மதித்தாள். மோசே திக்குவாய் என்றான், எரேமியா சிறுபிள்ளை என்றான். இவர்கள் கேட்டதற்காக தேவன் இவர்களைத் தள்ளிவிடவில்லை. ஆகவே வந்திருப்பது அழைப்பா, என் ஆசையா என்று சோதித்துப் பார்ப்பது அவிசுவாசம் ஆகாது. இதனால் யாருடைய தேவை தீரும்? இதற்காக நான் எதைக் கற்றுக்கொள்ளப் போகிறேன்? என்னை நன்றாக அறிந்த சபையாரும் வீட்டாரும் என்ன சொல்கிறார்கள்? முதல் கேள்விக்கு ஒரு ஆளின் முகம்கூட நினைவுக்கு வரவில்லை என்றால், கொஞ்சம் பொறுத்திருப்பது நல்லது.

சிலருக்கு அழைப்பு, நினைத்திருந்த பாதை அடைபட்ட பிறகு வருகிறது. வேலூரில் ஐடாவின் கல்லூரியில் படித்த மேரி வர்கீஸ் இளம் மருத்துவராக இருந்தபோது, 1954-ல் சாலை விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். நின்று செய்யும் அறுவைச் சிகிச்சை இனி முடியாது. தொழுநோயால் மடங்கிப்போன விரல்களைச் சரிசெய்யும் சிகிச்சையை உட்கார்ந்தபடியே செய்யலாமே என்று அங்கே பணியாற்றிய அறுவைச் சிகிச்சை மருத்துவர் பால் பிராண்ட் அவருக்குச் சொன்னார். மேரி மறுபடியும் மாணவியானார். சக்கர நாற்காலியில் இருந்தபடி அறுவைச் சிகிச்சை செய்தார். வெளிநாடு போய் மறுவாழ்வு மருத்துவம் படித்துவிட்டு வந்தார். 1966-ல் வேலூரில் மறுவாழ்வு மையம் தொடங்கியது. முதுகெலும்பு அடிபட்டவர்கள் அங்கே வந்தபோது, தங்களைப் போலவே சக்கர நாற்காலியில் இருந்த ஒருவர் தங்களுக்கு மருத்துவராக இருப்பதைக் கண்டார்கள். விபத்துக்கு முன்பு அவர் சொன்ன சம்மதம் செல்லாமல் போகவில்லை. வேறு பாடத்தைத் தொடங்கச் சொன்னது.

முன்பு ஒரு நாள் மாட்டேன் என்று சொல்லிவிட்டோமே என்ற குற்ற உணர்வோடு இதை வாசிக்கிறவர் இருக்கலாம். மூத்த மகனைப் பாருங்கள். தகப்பன் அவனுடைய முதல் பதிலை எழுதிவைத்துக்கொண்டு தோட்டத்து வாசலில் காத்திருந்ததாக இயேசு சொல்லவில்லை. அவன் போனான், வேலை இருந்தது, செய்தான். கதை அவனைப் பற்றி அவ்வளவுதான் சொல்கிறது.

இன்று செய்ய: உங்களிடம் உதவி கேட்டு, உங்களால் செய்ய முடியாமல் திரும்பிப் போன ஒருவரை நினைத்துப் பாருங்கள். அவருக்கு உதவ உங்களுக்கு எது தெரிந்திருக்க வேண்டும்? முதலுதவியா, ஒரு மொழியா, இ.எஸ்.ஐ., பி.எஃப். படிவம் நிரப்புவதா, துக்கத்தில் இருப்பவரிடம் பேசாமல் உட்கார்ந்து கேட்பதா? அதைச் சொல்லித்தரக்கூடிய ஒருவரிடம் இன்றே பேசுங்கள்.

ஜெபம்: ஆண்டவரே, போகிறேன் என்று சொல்லிவிட்டு வழியில் நின்றுபோன நாட்களை மன்னியும். மாட்டேன் என்று சொன்ன நாட்களையும் மன்னியும். யாருக்காக என்னைக் கூப்பிடுகிறீர் என்று காட்டும். அந்த வேலை எனக்குத் தெரியாது. கற்றுக்கொள்ளப் பொறுமை தாரும், வயதை நினைத்து வெட்கப்படாத மனதைத் தாரும். இன்றைய ஷிப்ட் முடிந்த பிறகு எனக்கு மிஞ்சும் ஒரு மணி நேரத்தை உம்மிடம் தருகிறேன். நாளையும் தருவேன். ஆமென்.